பெங்களூருக்குப் புதிதா? போனிலும் டேப்லெட்டிலும் வேர்டு, எக்செல் வைத்துக்கொள்ள எதற்குக் காசு, எதற்கு வேண்டாம்

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே வாட்ஸ்அப்பில் ஒரு எக்செல் ஃபைல் வந்து விழும். ஐடி கம்பெனியாக இருந்தால் எச்.ஆர். அனுப்புவார், பீன்யாவில் ஒர்க்‌ஷாப் என்றால் சூப்பர்வைசர் அனுப்புவார், பொம்மனஹள்ளியில் கட்டட வேலை என்றால் மேஸ்திரியே அனுப்புவார். "இதை நிரப்பி இன்றைக்கே அனுப்புங்க" என்பார்கள். ஊரிலிருந்து லேப்டாப் வந்திருக்காது, பிஜி அறையில் வைஃபை பாதி நேரம் இருக்காது, கையில் போன் மட்டும்தான். உடனே பிளே ஸ்டோரில் போய் ஆஃபீஸ் என்று தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் யாரோ ஒருவரின் விளம்பரம், இறக்கித் திறந்த ஐந்தாவது நொடியில் "3 நாள் இலவசம், பிறகு வாரத்துக்கு இவ்வளவு" என்று ஒரு திரை. அங்கே கட்டை விரலை வைத்துவிட வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் ஆஃபீஸ் வேலைக்குப் பத்தில் எட்டுப் பேர் காசு கொடுக்கத் தேவையில்லை. காசு உண்மையில் எங்கே போகிறது என்றால் பெரிய திரைக்கும், ஆன்லைன் சேமிப்பு இடத்துக்கும், இப்போது புதிதாக ஏஐக்கும். இந்த மூன்றில் உங்களுக்கு எது வேண்டும் என்று தெரிந்த பிறகு பர்ஸை எடுத்தால் போதும்.

முதலில், ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள்

இதை யாரும் செய்வதில்லை, நேராகக் கடைக்குப் போகிறார்கள். உங்கள் கம்பெனி கொடுத்த மெயில் அவுட்லுக்கில் வருகிறது என்றால், அந்தக் கணக்கோடு மைக்ரோசாஃப்ட் 365 உரிமமும் சேர்ந்து வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆஃபீஸ் மென்பொருளோடு வரும் கம்பெனித் திட்டங்களில் ஒரு ஆளுக்கு 5 கணினி, 5 டேப்லெட், 5 போன் வரை உள்நுழையலாம். ஐ.டி. சப்போர்ட்டில் "என் லைசென்ஸ் மொபைலுக்கும் டேப்லெட்டுக்கும் செல்லுமா?" என்று ஒரே ஒரு டிக்கெட் போட்டுக் கேளுங்கள். கல்லூரியில் படிப்பவர்களுக்கும் இதே கதைதான், கல்லூரி மெயில் ஐடி இருந்தால் மைக்ரோசாஃப்டின் கல்விக் கணக்கு இலவசமாகவே கிடைக்கலாம், கல்லூரி பதிவு செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. கம்பெனிக் கணக்கைச் சொந்தப் போனில் சேர்த்தால் கம்பெனியின் விதிகளும் கூடவே வந்துவிடும். கம்பெனி வேர்டு ஃபைலில் இருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டப் பல இடங்களில் முடியாது, சில இடங்களில் ஸ்கிரீன்ஷாட்கூட எடுக்க விடாது, பின் நம்பரும் கேட்கலாம். வேலையை விடும் நாளில் அந்தக் கணக்கு மூடப்படும், அதில் வைத்திருந்த உங்கள் சொந்த ரெஸ்யூமேயும் சேர்ந்து போகும். அதனால் சொந்த விஷயத்துக்குத் தனிக் கணக்கு.

எதை இறக்குவது

உங்களுக்கு ஃபைல் யாரிடமிருந்து வருகிறது, திருத்தியபின் யாரிடம் போகிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். எந்தச் செயலி சிறந்தது என்று நண்பர்களிடம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

வருவதும் போவதும் வேர்டு, எக்செல் என்றால் மைக்ரோசாஃப்டின் வேர்டு, எக்செல் செயலிகளைத் தனித்தனியாக இறக்குங்கள். 10.1 அங்குலமும் அதற்குக் கீழும் உள்ள திரைகளில் திருத்துவது இலவசம், ஒரு இலவச மைக்ரோசாஃப்ட் கணக்கு போதும். எல்லாப் போனும் இதில் அடங்கிவிடும். 2014 மார்ச்சில் ஐபேடுக்கு ஆஃபீஸ் வந்தபோது படிக்க மட்டும்தான் இலவசம், திருத்த வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும். அதே ஆண்டு நவம்பரிலேயே மனசு மாறி அடிப்படைத் திருத்தத்தை இலவசமாக்கிவிட்டார்கள். கூகுள் சும்மா கொடுத்துக்கொண்டிருக்கும்போது எத்தனை நாள்தான் பிடித்துவைப்பது! ஆனாலும் யார் எதைத் திருத்தினார் என்று காட்டும் வசதி, பக்கத்தைச் செய்தித்தாள் போல நெடுவரிசைகளாகப் பிரிப்பது போன்ற சிலவற்றுக்கு இன்றும் சந்தா கேட்கும். அப்புறம், அந்த இலவசம் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்தான் என்பது விதி, தொழிலுக்கு என்றால் தொழில் சந்தா வேண்டும்.

நாலு பேர் ஒரே கணக்கை எழுதுகிறீர்கள் என்றால் கூகுள் ஷீட்ஸ். ஆண்ட்ராய்டு போனில் ஜிமெயில் ஏற்கெனவே இருக்கும், புதுக் கணக்கு எதுவும் திறக்க வேண்டாம், திரை அளவுக்கு நிபந்தனையும் கிடையாது. எக்செல் ஃபைலை ஷீட்ஸும், வேர்டு ஃபைலை அதன் ஜோடியான கூகுள் டாக்ஸும் அப்படியே திறந்து அதே வடிவில் சேமிக்கும், ஆனால் கட்டம் போட்ட படிவங்கள் கொஞ்சம் நகர்ந்து போவதுண்டு. பெரிய கம்பெனிக்கு டெண்டர் பேப்பர் அனுப்புகிறீர்கள் என்றால் அதைக் கூகுளில் திறந்து திருத்தாதீர்கள்.

ஐபோன், ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு பேஜஸ், நம்பர்ஸ், கீநோட் மூன்றும் இலவசம், 2017-லிருந்து எல்லோருக்கும். அழகாக இருக்கும், வாழைப்பழம் போல வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் எதிர்முனையில் இருப்பவரிடம் ஆப்பிள் இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் மாற்றி அனுப்ப வேண்டும். நான் பரிந்துரைப்பதில்லை.

நம்ம சென்னை ஜோஹோவின் ரைட்டர், ஷீட், ஷோ செயலிகளும் தனி ஆளுக்கு இலவசம், விளம்பரம் கிடையாது. ரைட்டர் 2005-லேயே வந்தது என்றால் பலர் நம்புவதில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தன் ஆவணங்களுக்கு ஜோஹோவுக்கு மாறுவதாக அறிவித்த பிறகுதான் ஊரே திரும்பிப் பார்த்தது. தனியாக எழுதுபவருக்கு ரைட்டர் அருமை, இதைத் தைரியமாகச் சொல்வேன். கூட்டாக வேலை செய்ய வேண்டுமானால் உங்கள் குழுவில் எல்லோரும் பெரும்பாலும் கணக்கு திறக்க வேண்டியிருக்கும், அதுதான் இடிக்கிறது.

டபிள்யூபிஎஸ் ஆஃபீஸும் சிறிய போனில் நன்றாக ஓடும், இலவசப் பதிப்பில் விளம்பரம் வந்துகொண்டே இருக்கும். திறந்த மூலம்தான், அதாவது நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய மென்பொருள்தான் வேண்டும் என்பவர்களுக்கு கொலாபோரா ஆஃபீஸ் இருக்கிறது. "ஆல் டாக்குமெண்ட் ரீடர்" என்கிற மாதிரி பெயர்களில் வரும் மற்றவற்றைத் தொடவே வேண்டாம்.

ஒரு வேலையை முழுக்கச் செய்து பார்க்கலாம்

ஓசூர் சாலைப் பக்கம் ஒரு சைட், மேஸ்திரி திருப்பத்தூர்க்காரர், கீழே 14 பேர். சனிக்கிழமை கூலி. இதுவரை நோட்டில் எழுதிவந்தார், இன்ஜினியர் இப்போது ஷீட் கேட்கிறார். கூகுள் ஷீட்ஸில் இப்படிச் செய்யுங்கள்.

புது ஷீட் திறந்ததும் மேலே பெயர் கொடுங்கள், மாதமும் சைட் பெயரும் போதும். முதல் வரிசையில் பெயர், தினக்கூலி, அப்புறம் திங்கள் முதல் சனி வரை ஆறு கட்டம், பிறகு மொத்த நாள், கூலி, முன்பணம், கொடுக்க வேண்டியது. வரிசை எண் 1-ஐ விரலால் அழுத்திப் பிடித்தால் ஒரு பட்டியல் வரும், அதில் ஃப்ரீஸ் என்பதைத் தொடுங்கள். பெயர் இருக்கும் ஏ நெடுவரிசைக்கும் அப்படியே செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் சின்னத் திரையில் வலப்பக்கம் நகர்த்தியதும் யாருடைய வரிசை என்றே தெரியாது, முருகன் கூலி முனியப்பனுக்குப் போய்விடும். போனில் ஷீட் எழுதுபவர்களுக்கு இதைவிட உதவும் பொத்தான் வேறு கிடையாது.

வந்தால் 1, அரை நாள் 0.5, வராவிட்டால் 0. "பி", "ஏ" என்று எழுத்தில் போட்டால் கூட்ட முடியாது. மொத்த நாள் கட்டத்தைத் தொட்டு, சமக்குறி போட்டு, சம் என்று ஆங்கிலத்தில் தட்டி, அடைப்புக்குறி திறந்து, அந்த ஆறு கட்டத்தையும் விரலால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். ஃபார்முலாவை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. கூலிக்கு நாளைத் தினக்கூலியால் பெருக்குங்கள், கடைசிக் கட்டத்தில் முன்பணத்தைக் கழியுங்கள். முதல் ஆளுக்குச் சரியாக வந்தால் அதை நகலெடுத்துக் கீழே இருக்கும் 13 பேருக்கும் ஒட்டினால் எண்கள் தானாக மாறிக்கொள்ளும். இழுத்துக் கீழே நிரப்புவதைவிடப் போனில் நகலெடுத்து ஒட்டுவது சுலபம்.

பகிர்வதுதான் கவனிக்க வேண்டிய இடம். இன்ஜினியருக்கு அவருடைய மெயில் ஐடி போட்டுப் பகிருங்கள், பார்க்க மட்டும் என்று வையுங்கள். "லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்" என்று வைத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் யார் முன்பணத்தை யார் குறைத்தார் என்று சனிக்கிழமை சாயங்காலம் சண்டைதான். யார் எப்போது மாற்றினார் என்பது ஷீட்ஸில் பதிவாகியிருக்கும், அதைப் பார்க்கக் கணினியில் திறப்பது நல்லது.

சைட்டின் பேஸ்மெண்டில் சிக்னல் கிடைக்காது. அதனால் டிரைவ் செயலியில் ஃபைல் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு, ஆஃப்லைனில் கிடைக்கும்படி வைத்துவிடுங்கள். கீழே எழுதியது மேலே ஏறி வந்ததும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

எழுத்துரு தகராறு

பெங்களூரில் இது இரட்டைத் தலைவலி. ஊரிலிருந்து வரும் பழைய தமிழ் வேர்டு ஃபைல்கள் பாமினியிலோ வானவில்லிலோ இருக்கும், இங்கே கிடைக்கும் கன்னட ஃபைல்கள் பலவும் நுடி எழுத்துருவில் தட்டியவை. கணினியில் அந்த எழுத்துரு இருப்பதால் ஒழுங்காகத் தெரியும், போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் கொட்டும். உடனே போன் கெட்டுவிட்டது, செயலி சரியில்லை, காசு கட்டினால் சரியாகும் என்று நினைத்துவிடாதீர்கள். எந்தச் சந்தாவும் இதைச் சரிசெய்யாது. அனுப்பியவரிடம் பிடிஎஃப் கேளுங்கள், படிக்க அது போதும். திருத்த வேண்டுமானால் எழுத்தை யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துமுறைக்கு மாற்றும் மாற்றியில் போட்டு எடுக்க வேண்டும். நீங்கள் எழுதுவது ஜிபோர்டு, செல்லினம் போன்ற விசைப்பலகைச் செயலியில் என்றால் அது யூனிகோடுதான், எந்தப் போனிலும் திறக்கும். தட்டச் சோம்பலாக இருந்தால் ஜிபோர்டில் மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசுங்கள், அல்சூர் மார்க்கெட் சத்தத்தில் கொஞ்சம் தடுமாறும், வீட்டில் என்றால் நன்றாகவே எழுதிக்கொள்ளும்.

போனில் முடியாதவை

மேக்ரோ, அதாவது ஃபைலுக்குள்ளேயே எழுதிவைத்த தானியங்கிக் கட்டளைகள் உள்ள எக்செல். சில கம்பெனிகளின் பயணச் செலவுப் படிவத்தில் "சமர்ப்பி" என்று ஒரு பொத்தான் இருக்கும், போனில் அதை எத்தனை முறை தட்டினாலும் ஒன்றும் நடக்காது, மேக்ரோ மொபைலில் ஓடாது. 40 பக்க அறிக்கைக்குப் பொருளடக்கம் போடுவது, நூறு பேருக்குப் பெயர் மாற்றிக் கடிதம் எடுப்பது, இவையும் கணினி வேலை. போனில் படிக்கலாம், நிரப்பலாம், ஒரு பிழையைத் திருத்தலாம், கையெழுத்து வைத்து அனுப்பலாம். புதிதாக ஒன்றை அதிலேயே கட்டி எழுப்ப உட்கார்ந்தால் கழுத்து வலிதான் மிச்சம்.

ஸ்கேனுக்குத் தனிச் செயலி தேவையில்லை. முன்பு எல்லோரும் வைத்திருந்த கேம்ஸ்கேனர் 2020 ஜூனில் தடை செய்யப்பட்ட 59 செயலிகளில் ஒன்று. டிரைவ் செயலியிலேயே கேமரா பொத்தான் இருக்கிறது, ஐபோனில் நோட்ஸ் செயலியில் ஸ்கேன் உண்டு, இரண்டும் பிடிஎஃப் ஆகவே தரும். வாடகை ஒப்பந்தத்துக்கு ஆதார் கேட்டால் ஆதார் ஆணையத்தின் (யூஐடிஏஐ) தளத்தில் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரை இறக்கிக் கொடுங்கள். அந்தப் பிடிஎஃப் கேட்கும் பாஸ்வேர்டு, உங்கள் பெயரின் முதல் நாலு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், கூடவே பிறந்த ஆண்டு. ஜெராக்ஸ் கடைக் கணினியில் உங்கள் ஜிமெயிலைத் திறக்கவே கூடாது, பிடிஎஃப் ஆக்கிக் கடைக்காரர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினால் போதும்.

இப்போது காசு

மைக்ரோசாஃப்ட் 365 பர்சனல் இந்தியாவில் வருஷத்துக்கு 4,899 ரூபாயாக இருந்தது, 2025-ல் கோபைலட் என்ற ஏஐயைச் சேர்த்து 6,899 ஆக்கினார்கள். மாதாமாதம் கட்டினால் 689, அதாவது வருஷத்துக்கு 8,268. மாதக் கணக்கில் தொடர்ந்து கட்டுவது நஷ்டம், ஒரே ஒரு மாதத் தேவை என்றால் மட்டும் அது சரி. ஃபேமிலி 8,199, ஆறு பேர் வரை, ஆளுக்கு 1 டிபி சேமிப்பு இடம். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 1,367 ரூபாய்கூட இல்லை. ஒரே வீட்டில் தங்கியிருக்கும் அண்ணன் தம்பி, அக்கா மாமா என்று ஆறு பேரும் உண்மையிலேயே பயன்படுத்துவார்கள் என்றால் பர்சனல் வாங்குவதில் அர்த்தமே கிடையாது. ஏஐ வசதி மட்டும் பணம் கட்டியவருக்குத்தான், மற்ற ஐந்து பேருக்கு இல்லை.

ஏற்கெனவே சந்தா வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஏஐ இல்லாத, பழைய விலையில் "கிளாசிக்" என்று ஒரு திட்டம் இருக்கிறது, ஆனால் அதை வாசலில் மாட்டிவைக்கவில்லை, சந்தாவை ரத்து செய்யப் போனால்தான் எட்டிப் பார்க்கும். இதை மறைத்தார்கள் என்று ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்கே போட்டது.

கூகுளில் டாக்ஸ், ஷீட்ஸ் இலவசம், 15 ஜிபி இடமும் இலவசம், ஆனால் அந்த 15-ல் ஜிமெயில், போட்டோ, டிரைவ் எல்லாம் அடக்கம். நிறைப்பது எக்செல் ஃபைல் இல்லை, ஊர்த் திருவிழா வீடியோ. அதனால் நிறைந்துவிட்டது என்று மிரட்டல் வந்ததும் பணம் கட்டாமல் முதலில் வீடியோக்களைத் தூக்குங்கள். அப்படியும் வேண்டுமானால் 100 ஜிபி மாதம் 130, வருஷத்துக்கு 1,300 ரூபாய், குடும்பத்தில் இன்னும் ஐந்து பேரோடு பகிரலாம். போன் மட்டும் வைத்திருப்பவர் எதற்காவது காசு கொடுத்தே தீருவேன் என்றால் இதைத்தான் சொல்வேன். மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் இலவசமாகத் தருவது 5 ஜிபிதான், ஆப்பிளும் அதே 5.

"லைஃப்டைம் ஆஃபீஸ், 999 ரூபாய்" என்று கடையிலும் ஆன்லைனிலும் விற்பவை பல நேரம் எங்கோ ஒரு பள்ளியின் கணக்கில் உங்களுக்கு ஒரு பெயர் போட்டுக் கொடுத்ததாக இருக்கும். அந்தக் கணக்கின் நிர்வாகி நினைத்தால் ஒரு நாளில் மூடலாம், உள்ளே இருக்கும் ஃபைலையும் பார்க்கலாம். முறையாக ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் கணினி ஆஃபீஸும் மொபைலில் கூடுதல் வசதி எதையும் திறக்காது.

டேப்லெட் வாங்கப் போகிறவர்களுக்கு

எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் விலை பேசுவதற்கு முன் திரை அளவைக் கேளுங்கள், அதுதான் உங்கள் வருஷச் செலவைத் தீர்மானிக்கும். சாம்சங் டேப் ஏ9 8.7 அங்குலம், அதில் வேர்டு இலவசமாகத் திருத்தும். அதே வரிசையில் ஏ9 பிளஸ் 11 அங்குலம், அங்கே படிக்க மட்டும்தான், திருத்தச் சந்தா. ஐபேட் மினி 8.3, தப்பித்தீர்கள். 2019-ல் வந்த 10.2 அங்குல ஐபேட் ஒரே ஒரு பொட்டு அளவில் எல்லையைத் தாண்டிவிட்டது, பழையது மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கிப் போய் வேர்டைத் திறந்தால் திருத்த விடாது. மூன்று வருஷம் வைத்திருப்பீர்கள் என்றால் பர்சனல் சந்தா மட்டும் 20,697 ரூபாய், அதற்கு இன்னொரு டேப்லெட்டே வாங்கிவிடலாம்.

பெரிய திரைதான் வேண்டும், கண்ணுக்கு வசதி என்றால் தாராளமாக வாங்குங்கள், கூகுள் டாக்ஸோ ஜோஹோவோ போட்டுக்கொள்ளுங்கள். எப்போதாவது வேர்டு தேவைப்பட்டால் பிரௌசரில் மைக்ரோசாஃப்ட் தளத்துக்குப் போய்த் திறந்தால் இலவசமாகவே ஓரளவு வேலை நடக்கும். மிச்சமாகும் பணத்தில் ஒரு புளூடூத் கீபோர்டு வாங்குங்கள், எந்தச் சந்தாவையும்விட அது வேகத்தைக் கூட்டும்.

நிறுத்துவது எப்படி

சந்தா எடுத்த அன்றே நிறுத்தும் வழியையும் பார்த்து வையுங்கள். செயலியை அழித்தால் சந்தா அழியாது, பணம் போய்க்கொண்டேதான் இருக்கும். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர், மேலே உங்கள் படம், பேமெண்ட்ஸ், அங்கே சந்தாக்கள். ஐபோனில் செட்டிங்ஸ், உங்கள் பெயர், சந்தாக்கள். மைக்ரோசாஃப்ட் தளத்தில் நேராகக் கட்டியிருந்தால் அந்தத் தளத்தில்தான் நிறுத்த முடியும், பிளே ஸ்டோரில் தேடினால் கிடைக்காது. இலவச நாட்கள் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், எடுத்த கையோடு ரத்து செய்தாலும் பெரும்பாலானவை மீதி நாட்களுக்கு ஓடும்.

தானாகப் பிடிக்கும் பணத்துக்கு ரிசர்வ் வங்கி ஒரு விதி வைத்திருக்கிறது, பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது உங்களுக்குத் தகவல் வர வேண்டும். 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே போய்விடும் என்பதால் அந்த மெசேஜ் ஒன்றுதான் உங்களுக்கு எச்சரிக்கை. வங்கிக்குக் கொடுத்த நம்பர் ஊரில் அப்பா போனில் இருக்கும் பழைய சிம் என்றால் மெசேஜ் அவருக்குத்தான் போகும், முதலில் அதை மாற்றுங்கள்.